சால்வேஜ் ஏலத்துல ப்ராஜெக்ட் கார் எடுக்கலாமா? என் ரிவ்யூ

ப்ராஜெக்ட் பில்டுக்கு, அதாவது பழுதான வண்டிய வாங்கி நாமளே கட்டுறதுக்கு, ஆன்லைன் சால்வேஜ் ஏலம் (அடிபட்டு இன்சூரன்ஸ் கம்பெனி கைவிட்ட மாதிரி வண்டிகள விக்கிற ஏலம்) நல்ல வழிதான், ஆனா லிஸ்டிங்ல இருக்கிறத அப்படியே நம்பி இறங்காதீங்க. அமெரிக்காவுல இந்த ஏலம் நடத்துற பெரிய கம்பெனிங்க காப்பார்ட், ஐஏஏ ரெண்டும். காப்பார்ட் 2003லயே விபி2னு சொந்த சாஃப்ட்வேர் கொண்டு வந்து ஆன்லைனுக்கு மாறினவங்க, அதனால தேடுறது, பிட் போடுறது எல்லாம் ஈசியா இருக்கும்.

"ரன் அண்ட் டிரைவ்"னு போட்டிருந்தா ஏல கம்பெனி வண்டிய நிறுத்தி வெக்கிற யார்டுக்கு வந்த அன்னிக்கு ஸ்டார்ட் ஆச்சு, கியர் விழுந்துச்சு, முன்னாடி நகந்துச்சு, அவ்ளோதான் அர்த்தம், வேற பேட்டரில ஜம்ப் குடுத்து ஸ்டார்ட் பண்ணியிருந்தாலும் அதே லேபிள்தான்.

நான் பின்னாடி இடி வாங்கின வண்டியா தேடித்தான் எடுத்தேன், ஏன்னா எனக்கு வேண்டியது இன்ஜினும் கியர்பாக்ஸும், முன்பக்கம் அடிபட்டதுல ரேடியேட்டர் உடைஞ்சு கூலன்ட் இல்லாம யாராச்சும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா ஹெட் கேஸ்கட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற சீல்) காலி, போட்டோல அது தெரியவே தெரியாது. பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல இருக்கிற கேப் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கான்னு போட்டோவ ஜூம் பண்ணி பாருங்க, ஒரு பக்கம் மட்டும் விரிஞ்சிருந்தா அடி உள்ள வரைக்கும் போயிருக்க சான்ஸ் அதிகம்.

முடிஞ்சா யார்டுக்கு நேர்ல போங்க. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுங்க, உள்ள சுருண்டிருந்த பகுதில சேத்துக் கோடு இருந்தா அது வெள்ளத்துல நின்ன வண்டி, சீட்ட எவ்ளோ கழுவினாலும் அந்த இடத்த பெரும்பாலும் யாரும் கழுவ மாட்டாங்க. அப்படி வண்டி சும்மா குடுத்தாலும் எனக்கு வேணாம், வயரிங் கனெக்டர் எல்லாம் பச்சை பூத்து மாசக்கணக்கா ஒவ்வொண்ணா உயிர எடுக்கும்.

ஏர்பேக் வெடிச்சிருந்தா ஏர்பேக் மட்டும் மாத்தினா போதாது, சீட் பெல்ட்ட இறுக்குற டென்ஷனர், ஏர்பேக் கண்ட்ரோல் மாட்யூல்னு செலவு நீளும். ரோல் கேஜ் (உள்ள போடுற இரும்புக் கூண்டு), ஹார்னஸ் (ரேஸ் சீட் பெல்ட்) போட்டு ட்ராக்குக்கு மட்டும் கட்டுறீங்கன்னா அத பத்தி கவலையே இல்ல, ஏர்பேக் வெடிச்ச வண்டிய கம்மி பிட்ல எடுக்கப் பாக்கலாம். வண்டியோட ஓனர்ஷிப் பேப்பர்ல "பார்ட்ஸ் ஒன்லி"னு இருந்தா ரோட்டு வண்டி ஆசைய விட்டுடுங்க, பார்ட்ஸ் கழட்ட மட்டும்தான்.

ஜெயிச்ச பிட் மேல பையர் ஃபீ, கேட் ஃபீ (யார்டுல இருந்து வண்டிய வெளிய எடுத்துக் குடுக்கிற சார்ஜ்), டோயிங் எல்லாம் வரும், வண்டிய லேட்டா எடுத்தா ஸ்டோரேஜ் சார்ஜ் நாள் கணக்குல ஏறும். அதனால டோ வண்டிக்காரர்கிட்ட முதல்ல பேசி வெச்சுட்டு அப்புறமா பிட் போடுங்க.