நோக்கியா கம்யூனிகேட்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் மாடல் எண்ணைப் பாருங்கள்

பழைய போன்களைத் தேடி வாங்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் 11,500 ரூபாய் கொடுத்து ஒரு நோக்கியா 9290 கம்யூனிகேட்டர் வாங்கி ஏமாந்தேன். போன் போலி இல்லை, உடைசலும் இல்லை. திறந்தால் திரை பளிச்சென்று எரிகிறது, கீபோர்டில் ஒரு எழுத்துகூடப் பழுதில்லை. ஆனால் நம் நாட்டில் எந்த மூலைக்குப் போனாலும் அதில் பேச முடியாது. இது விற்றவருக்குத் தெரியும்.

இந்தப் போன் மேல் எனக்கு இருபது வருட ஆசை. 2003இல் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் எங்கள் மேலாளர் இதே உருவத்தில் ஒரு நோக்கியா 9210 வைத்திருந்தார். மூடியிருந்தால் தடியான ஒரு செல்போன், அவ்வளவுதான். பென்சில் டப்பாவைத் திறப்பது போலத் திறந்தால், உள்ளே நீளமான கலர் திரை, அதன் கீழே முழு கீபோர்டு. ரயிலில் உட்கார்ந்தபடியே கொட்டேஷன் அடித்து, அங்கிருந்தே ஃபேக்ஸ் அனுப்புவார். ஸ்பீக்கரும் மைக்கும் பின்பக்கம் இருப்பதால், அவர் பேசும்போது நம்பர் பொத்தான்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாங்களெல்லாம் பையில் தனியாக ஒரு டைரி, முகவரிக்கு ஒரு நோட்டு என்று சுமந்த காலம் அது. என்றாவது ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று அன்றே நினைத்துக்கொண்டேன்.

விற்றவர் வெளியூர்க்காரர். பழைய போன்களை வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கிறார். நான் கேட்டது 9210. அவர் அனுப்பிய படத்தில் 9290 என்று இருந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவராகவே சொன்னார்: “ரெண்டும் ஒண்ணுதான் சார், அமெரிக்கால பேரு வேற, அவ்வளவுதான்.” வீடியோ காலில் திறந்து காட்டினார். திரைக்குப் பக்கத்தில் இருக்கும் நான்கு பொத்தான்களையும் அழுத்திக் காட்டினார். காலண்டர், முகவரிகள் எல்லாம் ஓடின. “ஒரு கால் பண்ணிக் காட்டுங்களேன்” என்றேன். “சிம் இப்ப கைவசம் இல்ல சார்” என்றார். பழைய போன் விற்பதையே தொழிலாக வைத்திருப்பவரிடம் ஒரு சிம்கூடவா இருக்காது? அந்த நேரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. பணத்தை ஜிபேயில் அனுப்பிவிட்டேன்.

போன் வந்தது. பேட்டரியைக் கழற்றி, என் சின்ன சிம்மை அடாப்டரில் வைத்துப் போட்டேன். சிம்மை எடுத்துக்கொண்டது. ஆனால் வெளித் திரையில் சிக்னல் கோடு ஒன்றுகூட வரவில்லை. அவரைக் கேட்டால், அடாப்டர் சரியில்லை, புது சிம் போடுங்கள் என்றார். ஏர்டெல் கடைக்குப் போய்ப் புது சிம் வாங்கி, உடைக்காமல் பெரிய அளவிலேயே போட்டேன். வரவில்லை. “உங்க ஏரியால டவர் வீக்கா இருக்கும்” என்றார். மொட்டை மாடிக்குப் போனேன், ஆபீஸுக்குக் கொண்டு போனேன், செங்கல்பட்டில் மாமா வீடு வரை தூக்கிக்கொண்டு போனேன். இப்படியே பத்து நாள் ஓடிவிட்டது. என்னை அலையவிட்டு நாளைக் கடத்தியிருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது.

கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் ரொம்ப வருடமாக செல்போன் சர்வீஸ் செய்யும் ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் அதைத் திறக்கக்கூட இல்லை. கையில் வாங்கினார், எண்ணைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். “9290 அமெரிக்கா செட் சார். அது 1900 அலைவரிசை மட்டும்தான் பிடிக்கும். நம்ம ஊர்ல 900, 1800. உள்ள ரேடியோவே வேற, நான் என்ன பண்ணாலும் வராது.” காசு வாங்கவில்லை.

விஷயம் இதுதான். 2001இல் வந்த 9210 நம் பக்கத்து 2ஜி அலைவரிசைகளான 900, 1800 இரண்டிலும் வேலை செய்யும். அதே உடம்பில் அமெரிக்காவுக்கென்று வந்தது 9290. திரையும் கீபோர்டும் சிம்பியன் மென்பொருளும் ஒரே மாதிரி இருக்கும், போன் பகுதி மட்டும் வேறு. நம் நாட்டில் இன்னும் 2ஜி ஓடுவதால் நல்ல 9210 கிடைத்தால் இன்றைக்கும் பேசலாம். ஜியோ சிம் மட்டும் ஆகாது, அதில் 2ஜி கிடையாது.

மற்ற போன்களிலும் இதே கதை உண்டு. ஹேண்ட்ஸ்பிரிங் கம்பெனியின் ட்ரியோ 600 என்ற பழைய ஸ்மார்ட்போனில், சிம் போட்டுப் பேசும் ஜிஎஸ்எம், வேறு தொழில்நுட்பமான சிடிஎம்ஏ என்று இரண்டு வகை. சிடிஎம்ஏ வகையில் சிம் போட இடமே இருக்காது. ட்ரியோ 180க்கு 900உம் 1900உம்தான், அதனால் இங்கே 900 கிடைக்கும் இடத்தில் மட்டும் பேசலாம். யாராவது 1994இல் வந்த ஐபிஎம் சைமன் என்ற தொடுதிரை போனைக் காட்டி “போனும் வேலை செய்யும்” என்றால் அது பச்சைப் பொய். அது 2ஜிக்கும் முந்தைய அனலாக் போன், அந்த நெட்வொர்க் அமெரிக்காவிலேயே மூடப்பட்டுவிட்டது. அலமாரியில் அழகுக்கு வைக்க வாங்கினால் சரி, அதற்கு ஏற்ற விலைதான் கொடுக்க வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது எனக்கு விற்றவர் சொன்னது: “போன் ஆன் ஆகுதுல்ல? அதைத்தான் வேலை செய்யுதுன்னு சொன்னேன்.” அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் நண்பர் ஒருவர் தனக்கு வந்த படத்தை அனுப்பினார். இன்னொரு 9290. “9210 சேம் மாடல், ஃபுல் வொர்க்கிங், 12,500” என்று கீழே எழுதியிருக்கிறது. எனக்கு அனுப்பிய படத்தில் இருந்த அதே மேசை விரிப்பு. உங்களுக்கும் அந்தப் படம் வந்தால், ஏர்டெல் சிம் போட்டு, வீடியோ காலில் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீட்டிலிருக்கும் வேறொரு போனுக்கு அதிலிருந்து அடிக்கச் சொல்லுங்கள். மணி அடித்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம்.