உபுண்டு நிறுவக் கொடுத்த மடிக்கணினியில் மொத்த வட்டையும் அழித்த கடை: ஓர் எச்சரிக்கை

விண்டோஸ் 11 இருந்த என் மடிக்கணினியில், அதை அப்படியே வைத்துக்கொண்டு, லினக்ஸ் வகை இலவச இயங்குதளமான உபுண்டுவையும் நிறுவித் தரும்படி எங்கள் பகுதியிலுள்ள ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். 512 ஜிபி எஸ்எஸ்டி வட்டில் (சில்லுகளில் தரவைச் சேமிக்கும் புதிய வகை) சி டிரைவைச் சுருக்கிக் கிடைக்கும் இடத்தில் லினக்ஸைப் போட வேண்டும், டி டிரைவைத் தொடக்கூடாது என்று சொன்னதோடு, ரசீதிலும் அதை எழுதி வாங்கினேன்.

திரும்பி வந்த கணினியை இயக்கியதும் விண்டோஸா உபுண்டுவா என்று கேட்கும் பட்டியல் வந்தது. ஆனால் டி டிரைவ் காலியாக இருந்தது. குடும்பக் கணக்குகளும் அப்பாவின் ஓய்வூதிய ஆவணங்களும் போய்விட்டன. வட்டின் பிரிவுகளைக் காட்டும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பார்த்தபோது, வட்டைப் பிரிக்கும் புதிய முறையான ஜிபிடியில் இருந்ததை முழுவதுமாக அழித்து, நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு (வட்டின் பிரிவுகளுக்கு) மேல் ஏற்காத பழைய எம்பிஆர் முறைக்கு மாற்றியிருந்தது தெரிந்தது. அந்த முறையில் விண்டோஸ் 11 முறைப்படி நிறுவ இயலாது என்பதால், 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்ட விண்டோஸ் 10-ஐப் போட்டிருந்தார்கள். அதுவும் 'உங்கள் நிறுவனத்தின்' சேவை வழியாகச் செயல்படுத்தப்பட்டதாக அமைப்புகள் பக்கம் காட்டியது. வீட்டுக் கணினிக்கு எந்த நிறுவனம்? திருட்டு உரிமம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரத் தயாரிப்பாளர் தந்த மீட்புப் பார்ட்டிஷனும் இல்லை. குறைந்தது 25 ஜிபி கேட்கும் உபுண்டுவுக்கு 20 ஜிபி மட்டுமே ஒதுக்கியிருந்தார்கள்.

கேட்டபோது, "சார், ஃபார்மட் பண்ணாம லினக்ஸ் போட முடியாது" என்றார் கடைக்காரர். இது பச்சைப் பொய். விண்டோஸிலேயே சி டிரைவைச் சுருக்கிக் காலியிடம் உண்டாக்கி, பென்டிரைவிலிருந்து உபுண்டுவை இயக்கி, விண்டோஸுடன் சேர்த்து நிறுவும் வழியைத் தேர்ந்தெடுத்தால், கணினி தொடங்குவதற்கான கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையே இரண்டும் பகிர்ந்துகொள்ளும். மற்ற எதையும் அழிக்க வேண்டியதில்லை. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். மொத்தமாக அழிப்பது கடைக்கு விரைவான வேலை.

பிறகு, தனிக் கட்டணம் கொடுத்தால் கோப்புகளை மீட்டுத் தருவதாகவும் சொன்னார். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் எஸ்எஸ்டியை ஃபார்மட் செய்யும்போது விண்டோஸ் அனுப்பும் டிரிம் கட்டளையால் பழைய தரவைச் சாதனமே துடைத்துவிடுகிறது. அதன்பின் டெஸ்ட்டிஸ்க் போன்ற மென்பொருளால் பார்ட்டிஷன் அட்டவணையை மீட்டாலும் கோப்புகள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆகவே அந்தப் பணத்தை நான் கொடுக்கவில்லை.

இதே வேலைக்குக் கணினியைக் கொடுப்பவர்கள், கோப்புகளைப் படியெடுத்துக்கொண்டு, டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையையும் படம் எடுத்து வையுங்கள். வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதி இயக்கத்தில் இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் குறித்துக்கொள்ளுங்கள். வட்டு ஜிபிடியாகவே இருக்கிறதா, டி டிரைவ் திறக்கிறதா, விண்டோஸின் உரிமம் மாறாமல் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்த பிறகு பணம் கொடுங்கள். நான் எழுதி வாங்கிய அந்த ரசீதை வைத்துத்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சேவைக் குறைபாடு என்று புகார் பதிந்திருக்கிறேன். கடையிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.