200 மணி நேரம் ஓடவிடச் சொன்னார்கள்: வால்வு ஹெட்போன் ஆம்ப் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மேசையில் வைத்துக் கேட்கிற சின்ன வால்வு ஹெட்போன் ஆம்ப் (பழைய ரேடியோக்களில் ஒளிரும் கண்ணாடிக் குழாய்களான வால்வுகளை வைத்து ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஒன்றைக் குறைந்த விலையில் வாங்கலாம் என்று நினைத்திருப்பவர்கள், ஆர்டர் போடுவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். நான் ஏமாந்துவிட்டேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. என்னை எப்படி நாள் கடத்த வைத்தார்கள் என்பதை நினைத்தால்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

எனக்கு வால்வு ஆசை வந்தது தாத்தாவின் ரேடியோவிலிருந்து. ஸ்விட்சைப் போட்டவுடன் அது பாடாது. பின்பக்க அட்டையின் ஓட்டைகள் வழியே மெல்லச் சிவப்பு தெரியும், சூடேறிய தூசி வாசனை வரும், அரை நிமிடம் போனபிறகு தூரத்திலிருந்து நடந்து வருவதுபோலக் குரல் எழும். "சூடாகட்டும், பேசும்" என்பார் தாத்தா. அந்தக் குரலின் கனிவை அதற்குப் பிறகு எந்தப் பெட்டியிலும் நான் கேட்டதில்லை. ஒலியில் வால்வு சேர்க்கிற கலப்படத்தில் இரண்டாம் ஹார்மோனிக், அதாவது மூல ஒலியைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் அதிரும் ஒலி, அதிகம் என்பார்கள். அது அதே சுரத்தின் மேல் ஸ்தாயிதான். சேர்ந்தாலும் காதை உறுத்தாததற்கு அதுதான் காரணம்.

என்னிடம் இருப்பது சென்ஹைசர் எச்டி 600. 300 ஓம் இம்பீடன்ஸ், அதாவது மின்சாரத்துக்கு அது காட்டும் தடை. லேப்டாப்பில் நேராகச் சொருகினால் சத்தம் வரும், ஆனால் மிருதங்கத்தின் அடி மெத்தையில் விழுந்தமாதிரி இருக்கும். இந்த ரக ஹெட்போனுக்கு வால்வு ஆம்ப் நன்றாகப் பொருந்தும் என்று தெரியும். தேடினேன், ஆன்லைனில் ஒன்று கிடைத்தது. 'முழு வால்வு, கிளாஸ் ஏ. 300 ஓமில் 1000 மில்லிவாட். ஜோடி பார்த்துச் சேர்த்த பழைய ஸ்டாக் வால்வுகள்.' முழு வால்வு என்றால் பெருக்கும் வேலை முழுவதையும் வால்வே செய்கிறது, கிளாஸ் ஏ என்பது ஒரு பெருக்க முறை, பழைய ஸ்டாக் என்றால் அந்தக் காலத்தில் தயாரித்து விற்காமல் கிடந்த சரக்கு. கூடவே 12 வோல்ட் அடாப்டர். விற்பவரின் பெயரையோ தளத்தின் பெயரையோ இங்கே சொல்லப்போவதில்லை. இதே பெட்டி பல பெயர்களில் சுற்றுகிறது, அதனால் ஒரு பெயரைச் சொல்வதைவிட எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்வதுதான் உங்களுக்கு உதவும்.

அந்த 1000 மில்லிவாட்டை ஆர்டர் போடும் முன்பே நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். 300 ஓமில் ஒரு வாட் வேண்டுமென்றால் 17 வோல்ட்டுக்குக் கொஞ்சம் அதிகமாக வேண்டும். அது ஆர்எம்எஸ் கணக்கு, ஏறி இறங்கும் அலைக்கு ஒரு வகைச் சராசரி. அலையின் உச்சியிலிருந்து அடி வரை அளந்தால் கிட்டத்தட்ட 49 வோல்ட். உள்ளே வருவதோ 12 வோல்ட். மின்னழுத்தத்தை உயர்த்தும் சர்க்யூட் உள்ளே இல்லாவிட்டால், 12 வோல்ட்டை ஒரு சொட்டு விடாமல் பயன்படுத்தினாலும் 300 ஓமில் 60 மில்லிவாட்தான் தேறும். ஹெட்போனுக்கு அதுவே போதும் என்பது வேறு விஷயம். ஆனால் எழுதியிருந்தது 1000.

பெட்டி வந்த அன்று மாலை. கட்டைவிரல் அளவில் இரண்டு வால்வுகள், அலுமினிய மூடி, கனமான வால்யூம் குமிழ். பார்க்க அவ்வளவு அழகு. ஹெட்போனைத் தங்கைதான் முதலில் மாட்டிக்கொண்டாள். நான் ஸ்விட்சைப் போட்டேன். "ஐயோ" என்று கத்தி ஹெட்போனைக் கழற்றி வீசினாள். காதில் யாரோ அறைந்தமாதிரி 'டொப்' என்று ஒரு அடி விழுந்திருக்கிறது. நல்ல ஆம்ப்களில் உள்ளே மின்சாரம் நிலைப்படும்வரை ஹெட்போனை இணைக்காமல் பிடித்துவைக்கும் ரிலே ஒன்று இருக்கும். இதில் இல்லை. அவளுக்கு அன்று இரவுவரை வலது காதில் ரீங்காரம் இருந்தது. தயவுசெய்து, எந்தப் புது ஆம்பையும் ஹெட்போனைக் காதில் மாட்டியபடி ஆன் செய்யாதீர்கள்.

அந்தப் பதற்றத்தில் நான் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. ஸ்விட்சைப் போட்ட அதே நொடியில் பாட்டும் வந்துவிட்டது. வால்வு சூடாக நேரமே எடுக்கவில்லை. தாத்தாவின் ரேடியோ அரை நிமிடம் எடுத்ததை இத்தனை வருடம் நினைவில் வைத்திருந்தவனுக்கு, அன்று அது தோன்றவில்லை.

இரண்டாம் நாள் ஹம். பாட்டை நிறுத்தினால் அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். வால்யூமைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது மாறவே இல்லை. அப்படியென்றால் கோளாறு வால்யூம் குமிழுக்குப் பின்னால், ஆம்புக்குள்ளேயோ அதன் மின்சாரத்திலேயோ இருக்கிறது என்று அர்த்தம். ஒருவேளை கிரவுண்ட் லூப்பாக (கருவிகளின் எர்த் இணைப்புகளுக்குள் மின்சாரம் சுற்றி வருவது) இருக்குமோ என்று லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டினேன். அப்போதும் அதே முனகல்.

விற்றவருக்கு எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "சார், இது வால்வு சார். ஒரு 200 மணி நேரம் ஓடவிடுங்க. ஹம் தானா அடங்கிடும், சவுண்டும் செட் ஆகிடும்." பெட்டிக்குள் இருந்த துண்டுக் காகிதத்திலும் அதே 200 மணி நேரம் அச்சாகியிருந்தது. அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததும் நம்பிவிட்டேன். பழைய ஹெட்போன் ஒன்றைச் சொருகி, தினமும் ஏறக்குறைய 12 மணி நேரம் பாட்டை ஓடவிட்டேன். ஐந்தாம் நாள் சந்தேகம் வந்து, "ரிட்டர்ன் தேதி நெருங்குகிறதே" என்று கேட்டேன். "கவலைப்படாதீங்க சார், நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள்.

17 நாளில் 200 மணி நேரம் முடிந்தது. ஹம் அப்படியே இருந்தது. எழுதினேன். "ரிட்டர்ன் பீரியட் முடிஞ்சிடுச்சு சார், நாங்க ஒண்ணும் செய்ய முடியாது."

ரிட்டர்ன் காலம் 7 நாள். 7 நாளில் இருப்பது 168 மணி நேரம். இரவு பகல் ஒரு நிமிடம்கூட அணைக்காமல் ஓட்டினாலும் 200 மணி நேரம் முடிவதற்குள் ரிட்டர்ன் காலம் முடிந்துவிடும். அந்த எண்ணை யாரோ உட்கார்ந்து யோசித்துத்தான் அச்சடித்திருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன். புது வால்வு முதல் சில மணி நேரங்களில் கொஞ்சம் நிலைப்படும், அதை மறுக்கவில்லை. ஆனால் மின்சாரத்தைச் சரியாக வடிகட்டாத சர்க்யூட் எத்தனை மணி நேரம் ஓடினாலும் தானாகத் திருந்தாது. முதல் நாள் இருக்கும் ஹம்முக்கு முதல் நாளே ரிட்டர்ன் போட்டுவிடுங்கள்.

அதற்குப் பிறகுதான் முறையாகச் சோதிக்க உட்கார்ந்தேன். முதலில் மல்டிமீட்டர். டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) வோல்ட்டில் வைத்து, பாட்டு எதுவும் ஓடாதபோது ஹெட்போன் ஜாக்கில் அளந்தேன். இடது பக்கம் 6 மில்லிவோல்ட். சரி, நல்லது. வலது பக்கம் 310. ஹெட்போனுக்குப் போகும் கம்பியில் டிசி இருக்கவே கூடாது, சில மில்லிவோல்ட் இருந்தால் மன்னிக்கலாம். 310 என்பது ஹெட்போனின் மெல்லிய சவ்வை எந்நேரமும் ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்திருப்பது போல. என்னுடையது 300 ஓம் என்பதால் பிழைத்தது. அதே வோல்ட்டேஜ் 16 ஓம் இயர்போனில் போயிருந்தால் அதன் சுருளில் ஓடும் மின்னோட்டம் பல மடங்கு. இரண்டு வாரத்துக்கு மேல் இதில்தான் பழைய ஹெட்போனைச் சொருகி வைத்திருந்தேன்.

அடுத்து வால்வு. ஆம்பை அணைத்து, அடாப்டரைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, இடது வால்வை மட்டும் மெல்ல ஆட்டி உருவினேன். மறுபடி ஆன் செய்தேன். வலது வால்வின் உள்ளே இருந்த மெல்லிய சிவப்பும் சேர்ந்து அணைந்திருந்தது. 6ஜெ1 ரக வால்வின் ஹீட்டருக்கு (உள்ளே சூடாகிச் சிவக்கும் இழை) 6.3 வோல்ட் வேண்டும், 12 வோல்ட் அடாப்டரில் இரண்டையும் தொடராகக் கோர்த்திருப்பார்கள், ஒன்றை எடுத்தால் மற்றதும் அணையும். அதுவரை சரிதான். ஆனால் காலியான சாக்கெட்டின் நடு ஓட்டையிலிருந்து ஆரஞ்சு வெளிச்சம் மேலே அடித்துக்கொண்டிருந்தது. கீழே எல்.இ.டி. இத்தனை நாள் நான் விளக்கை அணைத்துவிட்டு ரசித்த ஒளி அதுதான். பழைய இயர்போனை எடுத்துக் காதில் வைத்தேன். பாட்டு இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் குறையவில்லை, குரல் மாறவில்லை. ஒரு வால்வு என் உள்ளங்கையில், இன்னொன்று அணைந்து கிடக்கிறது, பாட்டு பாட்டுக்கு ஓடுகிறது. அந்த ஒரு நிமிடம் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். வால்வு சாக்கெட்டுக்கு ஏழு பின். அதில் ஹீட்டருக்கான 3, 4 இரண்டுக்கு மட்டும் போர்டில் தடம் போயிருந்தது. மற்ற ஐந்தும் ஈயப் பொட்டு வைத்ததோடு சரி, எதோடும் சேரவில்லை. பாட்டு உள்ளே நுழைய வேண்டிய கிரிட்டுக்கும் இணைப்பு இல்லை, வெளியே வர வேண்டிய பிளேட்டுக்கும் இல்லை. வால்யூம் குமிழிலிருந்து கிளம்பும் தடம் நேராக என்இ5532 என்ற ஐசிக்கு (ஒலியைப் பெருக்கும் சில்லு) போய், அங்கிருந்து டிசியைத் தடுத்துப் பாட்டை மட்டும் விட வேண்டிய இரண்டு கெப்பாசிட்டர் வழியாக ஜாக்குக்கு வந்தது. அந்த 'டொப்' அடிக்கும் 310 மில்லிவோல்ட்டுக்கும் அந்தக் கெப்பாசிட்டர்கள்தான் காரணம், வலதுபக்கத்தது கசிகிறது. ஐசியை நான் குறை சொல்லமாட்டேன். எத்தனையோ ஒலிக்கருவிகளில் நேர்மையாக உழைக்கிற ஐசி அது. அதை ஐசி ஆம்ப் என்று சொல்லியே விற்றிருக்கலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குறைந்த விலையில் கிடைக்கும் வால்வு ஆம்ப் எல்லாமே மோசடி இல்லை. பெரும்பாலானவை ஹைப்ரிட்: முன்னால் வால்வு, ஹெட்போனைத் தள்ளும் வேலைக்குப் பின்னால் ஐசி அல்லது டிரான்சிஸ்டர். அது நியாயமான வடிவமைப்பு. நல்ல விற்பனையாளர்கள் அப்படியே எழுதிவிடுவார்கள். ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் (ஹெட்போன் பக்கம் ஆம்ப் காட்டும் தடை) எவ்வளவு என்றும் சொல்வார்கள். அது உங்கள் ஹெட்போனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது. டிரான்ஸ்பார்மர் இல்லாத முழு வால்வு ஆம்ப்களில் இது அதிகமாக இருக்கும். 300 ஓமுக்கு ஒத்துப்போகும், 32 ஓம் ஹெட்போனில் பேஸ் குழம்பிப்போகும்.

உங்களிடம் இப்படி ஒரு பெட்டி இப்போதுதான் வந்திருக்கிறது என்றால், ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். நான் செய்த பெரிய தவறு அது. "நீங்க ஓப்பன் பண்ணிட்டீங்க சார், வாரண்டி போச்சு" என்று அதையே பிடித்துக்கொண்டார்கள். ஸ்க்ரூவைத் தொடாமலே பார்க்கலாம். பாட்டை ஓடவிட்டு, ஆறிய ஆம்பை ஆன் செய்வதை வீடியோ எடுங்கள். அந்த நொடியே சத்தம் வந்தால் அது வால்வு வழியாக வரவில்லை. (தாமதமாக வந்தால் மட்டும் உண்மை என்று ஆகிவிடாது, ரிலேயும் சில நொடி பிடித்துவைக்கும்.) பிறகு நான் செய்ததுபோல ஒரு வால்வை உருவிவிட்டு ஆன் செய்து பாருங்கள், அதையும் வீடியோவோடு. பாட்டு மாறாமல் ஓடினால் வால்வு வெறும் அலங்காரம். 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் சின்னப் பெட்டிக்கு மட்டும்தான் இதைச் சொல்கிறேன். அதையும் போனால் போகட்டும் என்கிற பழைய இயர்போனை வைத்துத்தான் பாருங்கள், ஆன் செய்து கொஞ்ச நேரம் கழித்துக் காதில் வையுங்கள். நேராக மெயின் கரண்டில் ஓடும், டிரான்ஸ்பார்மர் வைத்த ஆம்ப்களில் 100 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். அவற்றைத் திறக்கவே வேண்டாம்.

'பழைய ஸ்டாக்' என்ற சொல்லுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். என் வால்வின் எழுத்து கட்டைவிரலால் தேய்த்ததுமே வந்துவிட்டது. அதை வைத்து மட்டும் போலி என்றும் சொல்லமுடியாது, அசல் பழைய வால்வுகளின் எழுத்தும் சுலபமாக அழியும். டெலிஃபுங்கன் (பழைய ஜெர்மன் பிராண்டு) என்று விற்றால் கண்ணாடியின் அடியில், பின்களுக்கு நடுவே, வைர வடிவக் குறி வார்த்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே அச்சடித்த வைரத்தை யாரும் அச்சடிக்கலாம்.

இப்போதைய நிலவரம். தளத்தில் புகார் கொடுத்தேன், காலம் கடந்துவிட்டது என்று மூடிவிட்டார்கள். விற்றவர் ஐந்து நட்சத்திர ரிவ்யூ போட்டால் ஒரு சிறு பகுதியைத் திருப்பித் தருவதாகச் சொன்னார், மறுத்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் அவர் விற்பனைப் பக்கத்தில் 'முழு வால்வு' என்று இருந்தது 'வால்வு ஸ்டைல்' என்று மாறியிருந்தது. நல்லவேளை, ஆர்டர் உறுதி செய்து வந்த மின்னஞ்சலில் பழைய தலைப்பு அப்படியே இருந்தது. அந்த மின்னஞ்சல், வால்வு இல்லாமல் பாடுகிற வீடியோ, போர்டின் படம், "நாங்க பாத்துக்கறோம்" என்ற உரையாடல் எல்லாவற்றையும் சேர்த்து கார்டு கொடுத்த வங்கியில் முறையிட்டிருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன். வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.

நேற்று அதே பெட்டி வேறொரு விற்பனையாளர் பெயரில் தென்பட்டது. அதே படம், வலது வால்வு லேசாகச் சாய்ந்து நிற்கிற அதே படம். கீழே விவரத்தில் 200 மணி நேரம். ரிட்டர்ன் 7 நாள்.