தியோங் பாருவில் மூன்று ஆண்டுகள்: பழைய வீடு, புது வேலைப்பாடு

2022 கடைசியில் சிங்கப்பூரின் தியோங் பாருவில் வாடகைக்கு வந்தோம். லிஃப்ட் இல்லாத பழைய புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்), இரண்டு மாடி ஏற வேண்டும், இரண்டு படுக்கையறை. மாதம் 4,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இரண்டு ஆண்டு ஒப்பந்தம், இரண்டு மாத முன்பணம். மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு முத்திரை வரி, 432 வெள்ளி, அதுவும் குடிவருபவர் தலையில்தான்.

இரண்டாம் உலகப்போருக்கு முந்திய இந்த வீடுகளை, ஆங்கிலேயர் கால அரசு வீட்டு அமைப்பான சிங்கப்பூர் இம்புரூவ்மெண்ட் டிரஸ்ட் 1936 முதல் கட்டியது. வளைந்த மூலைகள், கப்பல் தளம்போல நீளும் மாடங்கள், பின்பக்கம் சுருள் படிக்கட்டு. 2003ல் இருபது புளோக்குகளைப் பாதுகாப்புக்குரியவை என்று அறிவித்தார்கள். 78ஆம் புளோக்கின் அடியில் போர்க்காலப் பதுங்கிடம் இன்னும் இருக்கிறது. பெயருக்கே 'புது இடுகாடு' என்று பொருள்: ஹொக்கியன் என்ற சீன மொழியில் தியோங் என்றால் இடுகாடு, மலாயில் பாரு என்றால் புது. இதைச் சொன்னதும் அம்மா முகம் சுளித்தார். வந்து பார்த்தபின் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

எங்கள் வீட்டை முழுக்கப் புதுப்பித்திருந்தார்கள். மரத்தரை, வெள்ளைச் சுவர், திறந்த சமையலறை. பார்த்த அன்று மயங்கித்தான் கையெழுத்துப் போட்டோம். மூன்று ஆண்டு வாழ்ந்தபின் எனக்குப் பிடித்தவை எல்லாமே பழையவை. பகலில் விளக்குப் போடத் தேவையில்லாத உயரமான கூரை. கதவுபோல வெளியே திறக்கும் இரும்புச் சட்ட ஜன்னல்கள்; மழைக்கு முன் காற்று வீட்டைக் குறுக்காகக் கடந்து போகும், அப்போது ஏர்கானை அணைத்துவிடுவோம். தொந்தரவு கொடுத்ததெல்லாம் புதியவை.

ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த புளோக்குகளில் உள்ளறைகளுக்கும் சமையலறைக்கும் காற்று வரட்டும் என்று மேலிருந்து கீழ்வரை ஒரு திறந்தவெளி விட்டிருக்கிறார்கள். எங்கள் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். புதுப்பித்தவர்கள் அதை எடுத்துவிட்டு, திறக்கவே முடியாத ஒற்றைக் கண்ணாடியைப் பதித்துவிட்டார்கள். பார்க்க அவ்வளவு அழகு. முதல் வாரம் கடுகு தாளித்த வாசம் மறுநாள் காலை படுக்கையறைத் திரைச்சீலையில் இருந்தது. டிசம்பர் மழையில் அலமாரியின் பின்பலகை பூசணம் பிடித்தது. மீன் குழம்பு வைப்பதையே குறைத்துக்கொண்டோம். 'லேசான சமையல் மட்டும்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்ததை அப்போதுதான் நிதானமாகப் படித்தேன். நம் சமையல் செய்பவர்கள் அந்த வரியை முன்பே பேசித் திருத்தி எழுதி வாங்கிவிடுங்கள்.

வீடு பார்க்கப் போனால் முதலில் எல்லா ஜன்னல்களையும் உங்கள் கையால் திறந்து பாருங்கள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று நின்று கவனியுங்கள். அழகு விளக்குகளை அணைக்கச் சொல்லுங்கள். மாலையில் ஒருமுறை, மழை நாளில் ஒருமுறை போக முடிந்தால் இன்னும் நல்லது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏர்கான் பராமரிப்பு எங்கள் செலவு; அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படிக்கட்டு சிரமம்தான். அம்மா வரும்போது நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்குவார். ஆனால் காலையில் சந்தைக்குப் போகலாம் என்றால் அவர்தான் முதலில் செருப்பு மாட்டுவார். கீழே மீனும் கீரையும், மேல்மாடியில் உணவங்காடி. சுவீ குவே என்று அரிசி மாவைச் சின்னக் கிண்ணத்தில் ஆவியில் வேகவைத்து, மேலே பொரித்த உப்பு முள்ளங்கி போட்டுத் தருவார்கள். அம்மா அதைக் கிண்ணி இட்லி என்பார். கீழ்வீட்டுச் சீனப் பாட்டிக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. கறிவேப்பிலைத் தொட்டியைப் பார்த்துக்கொள்வது இப்போது அந்தப் பாட்டிதான்.

புதுப்பித்த ஒப்பந்தமும் முடியப்போகிறது. அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டுத் திறக்கிற ஜன்னல் வைத்துத் தந்தால் இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறோம், செலவில் பாதி தருகிறோம் என்று வீட்டுக்காரருக்கு எழுதியிருக்கிறோம். அடுத்த வாரம் ஆளோடு வந்து அளவெடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.