வீட்டில் கார்ட்டூன் கேக்: பல பிறந்தநாள்களில் எது நின்றது, எது சரிந்தது

பிள்ளைகள் கேட்கும் கதாபாத்திரத்தையே பிறந்தநாள் கேக்காகச் செய்து தருவது எங்கள் வீட்டில் வருடா வருடம் நடக்கும் வேலை. ஃபாண்டன்ட் (மாவுபோல் பிசைந்து விரிக்கும் சர்க்கரைக் கலவை) போர்த்தியது, பட்டர்கிரீமில் வரைந்தது, தின்னக்கூடிய தாளில் அச்சடித்த படம் ஒட்டியது, மேலே பொம்மை உட்கார வைத்தது என்று எல்லா முறையும் ஒரு சுற்று வந்துவிட்டது. செய்வதில் எவ்வளவு பாடு, மெழுகுவத்தி ஊதும் நேரம் வரை நிற்கிறதா, கடைசியில் பிள்ளைகள் தின்கிறார்களா என்ற மூன்றை மட்டும் வைத்து எழுதுகிறேன். போட்டோவில் அழகாக இருக்கும் கேக் எல்லாம் தட்டில் காலியாவதில்லை.

எந்த முறையானாலும் முகம்தான் கேக். பிள்ளைகள் கதாபாத்திரத்தை இரண்டு மூன்று அடையாளங்களில் பிடித்துக்கொள்வார்கள். மிக்கிக்கு மூன்று வட்டங்கள் போதும், மூக்கே தேவையில்லை. போகிமான் கார்ட்டூனின் பிகாச்சுவுக்குக் காது நுனியில் கறுப்பும் கன்னத்தில் சிவப்பு வட்டமும். ஸ்பைடர்மேன் முகமூடியில் வலைக்கோடுகள் கண்களுக்கு நடுவிலிருந்து கிளம்ப வேண்டும். நெற்றியிலிருந்து கிளம்பினால் ஏதோ சிவப்புப் பூசணி. பெப்பா பன்றிக்கு இரண்டு கண்ணும் முகத்தின் ஒரே பக்கத்தில் இருக்கும். பார்க்க விநோதமாக இருக்கிறதே என்று பக்கத்துக்கு ஒன்றாக வைத்தால், மூன்று வயதுக் குழந்தைகூட "இது பெப்பா இல்ல" என்று சொல்லிவிடும். அதனால் உடை, பின்னணி, கேக்கின் பக்கச்சுவர் எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் முடித்துவிட்டு, மிச்சமாகும் நேரத்தை முகத்துக்குக் கொடுக்கிறேன்.

அந்த முகத்துக்கு எனக்கு இன்றுவரை கைகொடுப்பது உறையவைத்த பட்டர்கிரீம் படம். வரையத் தெரியாதவர்களுக்கும் வரும். படத்தை கேக்கின் அளவுக்கு, இடவலம் மாற்றி அச்சடித்துத் தட்டையான தட்டில் ஒட்டி, மேலே பட்டர் பேப்பர் விரிக்க வேண்டும். கவிழ்க்கப்போகிறோம் என்பதால் எல்லாமே தலைகீழ் வரிசை. கண்ணின் வெள்ளைப்புள்ளி முதலில், பிறகு கறுப்புக் கோடுகள், ஃப்ரீசரில் பத்து நிமிடம், அதன்பின் நிறங்களை நிரப்பி, கடைசியாக முழுப்படத்தின் முதுகிலும் ஒரு படலம் கிரீம் தடவி மட்டமாக்கி, கல் மாதிரி இறுகும் வரை ஃப்ரீசரில் விட வேண்டும். சில மணி நேரம் ஆகும், இரவு முழுக்க விட்டால் நிம்மதி. கேக் மீது கவிழ்த்துத் தாளை உரித்தால் கோடுகள் கூர்மையாக நிற்கும். பெயர் எழுதுவதாக இருந்தால் அதையும் கண்ணாடியில் தெரிவதுபோல் எழுத வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு நான் பெயரைக் கடைசியில் மேலே பைப்பிங் பையால் (கிரீம் பிழியும் பை) நேராகவே எழுதிவிடுகிறேன். ஃப்ரீசரிலிருந்து வந்ததும் மேலே வியர்க்கும். துடைக்கக் கூடாது. விரல் பட்டால் கறுப்பு இழுபடும், தொடாமல் விட்டால் தானே காயும். இதற்கு வெண்ணெயில் செய்த கிரீம்தான் வேண்டும், வெண்ணெய் ஒரு பங்குக்கு ஐசிங் சர்க்கரை இரண்டு பங்கு. விப்பிங் கிரீமில் எனக்கு இது சரிப்படவில்லை. உரிக்கும்போது தாளோடு வந்துவிடுகிறது.

நிறம் தனிக் கதை. சிவப்பும் கறுப்பும்தான் எப்போதும் தொல்லை. வெள்ளைக் கிரீமில் சிவப்பைக் கொட்டிக்கொண்டே போனால் அடர் ரோஸும் கசப்பும்தான் வரும். ஜெல் கலர் சேர்த்து மூடி வைத்துவிட்டால் சில மணி நேரத்தில் தானாகவே அடர்ந்துவிடுகிறது. அதனால் முந்தின நாளே கலந்துவிடுகிறேன். கறுப்புக்குக் கொக்கோ சேர்த்த பழுப்புக் கிரீமிலிருந்து தொடங்கினால் கலர் கொஞ்சமே போதும். நீலம் கேட்டால் வெண்ணெயின் மஞ்சள் சேர்ந்து பச்சைக்கு இழுக்கும். சர்க்கரை போடும் முன் வெண்ணெயை வெளிறும் வரை நன்றாக அடிப்பதும், ஊசிமுனை அளவு வயலட் கலப்பதும் அதைச் சரிசெய்யும். வயலட் நிறத்தையே கேட்டால் அந்தக் கேக்கை வெயில் படாமல் வையுங்கள், வெளிச்சத்தில் சிவப்புச் சாயம் வெளிறி நீலம் மட்டும் மிஞ்சிவிடும்.

அடர்நிறத்தைக் கோடுகளோடு நிறுத்திக்கொள்ள எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. சில செயற்கை நிறங்களுக்கும் பிள்ளைகளின் துறுதுறுப்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சௌதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு 2007-ல் சொன்னது; அதன் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் அவற்றில் ஆறு நிறங்களுக்கு 2010 முதல் எச்சரிக்கை வாசகம் கட்டாயம். அதற்காக நான் கலரே வேண்டாம் என்று இருப்பவள் இல்லை. வருடத்துக்கு ஒருநாள் கேக்தானே. ஆனால் முழு கேக்கையும் கறுப்பாகப் பூசினால் பிள்ளைகளின் பல்லும் நாக்கும் போட்டோ முழுக்கக் கறுப்பாக இருக்கும், அதுவே போதுமான காரணம்.

மினுக்குப் பொடியில் மட்டும் நான் கறார். டப்பாவில் "நச்சற்றது" என்று எழுதியிருப்பதும் "உண்ணத்தக்கது" என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2018-ல் ஒரு பிறந்தநாள் கேக் தின்ற ஆறு குழந்தைகளுக்கு வாந்தி வந்தது. அதில் பூசிய மினுக்குப் பொடியில் செம்பு நிறைய இருந்தது தெரியவந்தது. உண்ணத்தக்கது என்ற சொல்லும், சேர்மானப் பட்டியலும் டப்பாவில் இல்லையென்றால் அது என் சமையலறைக்குள் வராது.

ஃபாண்டன்ட் பற்றிப் பேசினால் சண்டை வரும். வழவழவென்ற பரப்புக்கு அதற்கு ஈடில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைகள் அதை உரித்துத் தட்டோரம் வைத்துவிட்டு உள்ளே இருக்கும் கேக்கைத் தின்பதைத்தான் எல்லா விருந்திலும் பார்க்கிறேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் வியர்த்துப் பிசுபிசுக்கும். ஈரக் காற்றடிக்கும் நாளில் உருட்டுவதும் கஷ்டம். இப்போது முழு கேக்குக்கும் போர்த்துவதை விட்டுவிட்டு, மேலே வைக்கும் பொம்மைக்கு மட்டும் பயன்படுத்துகிறேன். கால் கிலோ ஃபாண்டன்டுக்கு ஒரு தேக்கரண்டி சிஎம்சி பொடி (தின்னக்கூடிய கெட்டியாக்கும் பொடி) பிசைந்து விட்டால் உருவம் தொய்யாமல் இறுகும். ஒரு வாரம் முன்பே செய்து, காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் வைக்கலாம். ஃப்ரிட்ஜில் வைத்தால் வீண். தலையை உடம்போடு பொருத்தப் பல்குச்சி வேண்டாம், வேகவைக்காத ஸ்பாகெட்டித் துண்டு செருகுங்கள், யாராவது கடித்தாலும் அது தின்னக்கூடியதுதான்.

அச்சடித்த தாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு வரம். சர்க்கரைத் தாள் கிரீமோடு இழைந்துபோகும். மாவுச்சத்தில் செய்த வேஃபர் தாள் மலிவு, ஆனால் ஈரக் கிரீம் மீது ஒட்டினால் சுருங்கி நெளியும், கதாநாயகனுக்கு வயதாகிவிடும். அதை ஒட்டுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கதாபாத்திரத்தின் உருவிலேயே கேக்கைச் செதுக்க ஆசைப்படுகிறவர்கள் மெத்துமெத்தென்ற ஸ்பாஞ்சை விட்டுவிட்டு, வெண்ணெய் அதிகமுள்ள கெட்டியான கேக்கைச் சுடுங்கள். ஒரு இரவு ஃப்ரிட்ஜில் இறுகிய பிறகு கத்தி வைத்தால் தூள் உதிராது. செதுக்கியதும் மெல்லிய கிரீம் பூசி அரைமணி குளிர வைத்துவிட்டு, மேல்பூச்சுக்குப் போகலாம். காது, வால் போல நீட்டிக்கொண்டிருப்பதையெல்லாம் கேக்கில் செதுக்க முயல வேண்டாம். எடை தாங்காமல் விழும். பிஸ்கட்டிலோ உருக்கி உறைந்த சாக்லேட்டிலோ செய்து செருகுங்கள்.

வாங்கிய சாமான்களில் இன்றும் தினம் கைக்கு வருவது சுழல்மேடை, வளைந்த ஸ்பேட்டுலா, சின்ன வட்ட நாசில் (பைப்பிங் பையின் முனை) மூன்று அளவு, நல்ல ஜெல் கலர். அலமாரியில் தூங்குவது கதாபாத்திர உருவம் கொண்ட பேக்கிங் பாத்திரங்கள். சுட்டு எடுத்து நட்சத்திர நாசிலால் புள்ளி புள்ளியாக நிரப்பினால் உருவம் அச்சாக வரும், அதில் குறையில்லை. ஆனால் பிள்ளைகளின் நாயகன் அடுத்த வருடம் மாறிவிடுகிறான். எங்கள் வீட்டில் அந்த நாய்க்குட்டி முகப் பாத்திரத்துக்கு ஒரே ஒரு பிறந்தநாள்தான் கிடைத்தது. வட்டத் தட்டு, சதுரத் தட்டு, அரைக்கோளக் கிண்ணம், இந்த மூன்றை வாங்குங்கள். உருவப் பாத்திரம் வேண்டுமென்றால் வைத்திருப்பவர்களிடம் இரவல் கேளுங்கள், நிச்சயம் தருவார்கள்.