தோமான் மீனுக்கு ரப்பர் தவளை, நம்பி வாங்கலாம்
நம்ம சிங்கப்பூர் நீர்த்தேக்கத்துல தூண்டில் போட அனுமதிச்ச இடத்துல செயற்கை இரை மட்டும்தான், உசுரோட புழு இறாலெல்லாம் கூடாது, அதனால இந்த ரப்பர் தவளைய வாங்கினேன், பத்து வெள்ளிக்குள்ளதான். லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்துல கரையோர செடிக்குள்ள வீசினேன், ரெண்டு முள்ளும் முதுகோட ஒட்டி மேல பாத்து இருக்கறதால எங்கயும் சிக்கவே இல்ல, சூப்பர்! தோமான், அதான் நம்ம விரால் ஜாதி, பளார்னு அடிச்சதும் வெடுக்குனு இழுக்காதீங்க, தவள வாய்க்குள்ள போயி லைன் இறுகட்டும். முள்ளு ஓட்ட வழியா தண்ணி ஏறிடுது, அப்பப்ப பிதுக்கி விடணும், இல்லன்னா பின்பக்கம் அமுங்கிடும். கால் ரப்பர் நூலு ரொம்ப நீளம், ஒரு பக்கம் கொஞ்சம் வெட்டிட்டா அப்படியே நெளிஞ்சு நெளிஞ்சு வருது பாருங்க! பீக்காக் பாஸ் மீனுக்குன்னா இது வேணாம், சின்ன மினோ லூர், அதான் குட்டி மீன் மாதிரி இருக்கற செயற்கை இரை, வாங்கிக்கோங்க.