நான்காண்டு பழகிய ஸ்பீக்கர் கேபிளும் ‘200 மணி நேரம்’ என்ற வாக்கும்

பாறசாலையில் இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். நான்காண்டுகளுக்கு முன் நான் 36,000 ரூபாய் கொடுத்து வாங்கிய அதே ஸ்பீக்கர் கேபிள் இப்போது ஓணம் தள்ளுபடியில் 14,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றும், வாங்கலாமா என்றும் கேட்டார். ஒரு சொல்லில் பதில் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கேபிளுக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். குழித்துறைப் பக்கத்தில் ஆனி, ஆடியில் ஒரு மழைக்காலம், ஐப்பசியில் இன்னொரு மழைக்காலம். ரப்பர் வெட்டு நின்றுபோகும் அந்த நாட்களில் வீட்டுச் சுவரே வியர்க்கும். நான் முன்பு போட்டிருந்த சாதாரண ஒயரின் முனைகள் ஒவ்வோர் ஆண்டும் பச்சை பூத்தன. நறுக்கி, உறை சீவி, மறுபடியும் முறுக்கி மாட்ட வேண்டியிருந்தது. இந்தக் கேபிளின் முனைகளில் உள்ள பனானா பிளக்குகள் (ஸ்பீக்கரில் நேராகச் செருகும் உலோக முனைகள்) நான்காண்டுகளாக ஒரு முறைகூடத் தளரவில்லை, கறுக்கவுமில்லை. அவற்றைச் செய்த கை தேர்ந்த கை. இதில் எனக்கு ஐயமே இல்லை.

என்னை இன்றுவரை உறுத்திக்கொண்டிருப்பது, விற்றவர் சொன்ன ஒரு வாக்கியம். திருவனந்தபுரத்துக் கடையில், “முதல் 200 மணி நேரம் ஓடிப் பழகிய பிறகுதான் இந்தக் கேபிளின் உண்மையான ஒலி வெளிப்படும்” என்று சொன்னார்கள். பெட்டியின் மேலும் அதுவே அச்சிடப்பட்டிருந்தது. பொருளைத் திருப்பிக் கொடுக்க 10 நாள் அவகாசம். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்பவனுக்கு 200 மணி நேரம் முடிய 100 நாட்களாகும். முதல் வாரத்தில் எந்த வேறுபாடும் கேட்காதபோது, இன்னும் பழகவில்லை என்று பொறுத்திருந்தேன். நூறாவது நாளும் கேட்காதபோது, என் காதுக்குத்தான் பயிற்சி போதவில்லையோ என்று வருந்தினேன். கேபிளைச் சந்தேகிக்க வேண்டியவன் தன் செவியைச் சந்தேகிக்கும்படி அந்த வாக்கியம் செய்துவிட்டது. விலையைக்கூட மன்னிப்பேன், இதை மன்னிக்க இயலவில்லை.

ஓடிப் பழகுதல் என்பது முழுப் பொய்யுமல்ல. புதிய ஸ்பீக்கரின் கூம்பைத் தாங்கும் விளிம்பும் அதன் பின்னால் உள்ள துணி வளையமும் தொடக்கத்தில் விறைப்பாக இருந்து, அசைய அசையச் சிறிது இளகும். அது அளந்து காட்டக்கூடிய மாற்றம். ஆனால் கேபிளில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. செம்பின் உள்கட்டமைப்பு மாற வேண்டுமானால் சில நூறு டிகிரி வெப்பம் வேண்டும். பாட்டின் மின்னோட்டத்தால் அந்தக் கம்பி கைக்குக்கூடச் சுடாது. ஸ்பீக்கருக்குப் பொருந்தும் உண்மையை எடுத்துக் கம்பியின்மேல் போர்த்தியிருக்கிறார்கள்.

பெட்டியில் இருந்த மற்ற வாக்குகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கேபிளின்மேல் போட்டிருக்கும் அம்புக்குறி ஒலி செல்லும் திசையாம். ஸ்பீக்கருக்குச் செல்வது மாறுமின்னோட்டம். 1,000 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்று நொடிக்கு 2,000 முறை திசை மாறும். உயர்ந்த அதிர்வெண்கள் கம்பியின் மேற்பரப்பில்தான் ஓடும் என்பதால் வெள்ளி முலாம் பூசினார்களாம். அப்படி ஒரு விளைவு உண்டு. ஆனால் மனிதச் செவியின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸில்கூட மின்னோட்டம் செம்பினுள் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆழம் வரை பரவியே செல்கிறது. சில மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனமுள்ள முலாம் அங்கே என்ன செய்துவிடும்? வெள்ளி செம்பைவிடச் சுமார் 6 சதவீதமே நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது.

மின்தடையைக் கணக்கிட்டேன். எலக்ட்ரீஷியன்கள் வீட்டுக்கு இழுக்கும் 2.5 ஸ்கொயர் (குறுக்குப் பரப்பு 2.5 சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயர் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7.5 ஓம் காட்டும். நான்கு மீட்டர் தூரத்துக்குப் போக வர எட்டு மீட்டர், ஆக 0.06 ஓம். 4 ஸ்கொயர் கனமுள்ள இந்த விலையுயர்ந்த கேபிளுக்கு 0.04 ஓம் அளவில் வரும். 8 ஓம் ஸ்பீக்கரில் இவ்விரண்டுக்கும் இடையிலான ஒலியளவு வேறுபாடு ஒரு டெசிபலில் ஐம்பதில் ஒரு பங்கு, செவிக்கு எட்டாத அளவு.

கணக்கு இருக்கட்டும், காதால் கேட்டுப் பார்ப்போம் என்று, சென்ற மழைக்காலத்தில் மார்த்தாண்டத்தில் 2.5 ஸ்கொயர் ஒயர் 16 மீட்டர் வாங்கி வந்தேன். ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. என் அக்காள் மகன் நாணயம் சுண்டிப் பார்த்து, எனக்குத் தெரியாமல் இருபது முறை கேபிளை மாற்றினான். பதினொரு முறை சரியாகச் சொன்னேன். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. நுட்பமான ஒலி வேறுபாடு நினைவில் அத்தனை நேரம் நிற்பதில்லை என்பதால், அந்தச் சோதனையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது கேபிளுக்குச் செய்யும் அநீதி.

ஆகவே வேறு வழி செய்தேன். இடப்பக்க ஸ்பீக்கருக்கு விலையுயர்ந்த கேபிளையும் வலப்பக்கத்துக்குச் சாதாரண ஒயரையும் இணைத்து, கர்நாடக இசைப் பாடகர் நெய்யாற்றின்கரை வாசுதேவனின் கச்சேரிப் பதிவொன்றை மோனோவில் ஒலிக்கவிட்டேன். இரண்டிலிருந்தும் ஒரே ஒலி வரும்போது குரல் நடுவில் நிற்க வேண்டும். நிற்கவில்லை, இடப்பக்கம் சற்றே சாய்ந்திருந்தது. என் நெஞ்சு படபடத்தது, 36,000 ரூபாய்க்குப் பொருள் இருக்கிறது போலும் என்று. இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டினேன். குரல் அப்போதும் இடப்பக்கமே சாய்ந்தது. பிறகுதான் வலப்பக்கச் சுவரில் ஜன்னல் திறந்திருப்பதைக் கவனித்தேன். இடச்சுவர் ஒலியைத் திருப்பி அனுப்ப, வலப்பக்க ஒலி ஜன்னல் வழியே தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஜன்னலைச் சாத்தினேன், பாகவதர் நடுவில் வந்து அமர்ந்தார். அன்று மாலை ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னே நகர்த்தி, பின்சுவரில் ஒரு கனத்த பருத்தி ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டேன். மிருதங்கத்தின் தொப்பி ஒலி (இடப்பக்கத்தின் கனத்த நாதம்) அதுவரை அந்த அறையில் அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

கேபிள் இன்றும் என் ஸ்பீக்கர்களில்தான் இருக்கிறது. ஈரத்தைத் தாங்கும் அந்தப் பிளக்குகளுக்காக அதை விட்டுவைத்திருக்கிறேன். அவ்வகைப் பிளக்குகளை மட்டும் தனியாக வாங்கிச் சாதாரண ஒயரில் பூட்டினாலும் அதே பயன் கிடைக்கும். உழைப்பையும் தரத்தையும் மட்டும் எடைபோட்டால் 14,000 ரூபாய்க்கு வாங்கலாம் என்று யாராவது வாதிடலாம். நண்பரிடம் நான் வேண்டாம் என்றே சொன்னேன். 1,400 ரூபாய்க்குத் தந்தாலும் வேண்டாம் என்றேன். அவர் அனுப்பிய ஓணம் விளம்பரத்தைப் பெரிதாக்கிப் படித்துப் பார்த்தேன். பழகும் காலம் இப்போது 300 மணி நேரமாகியிருக்கிறது. திருப்பிக் கொடுக்கும் அவகாசம் 7 நாள்.